சிறுதேரும் சிறுதிரையும்

தமிழில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை ஒன்று உண்டு. குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவது அதன் மரபு. ஐந்தாம் திங்களில் ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடுவது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டி மகிழ்வது சப்பாணி. தளர்நடை பயிலும் குழந்தையை வருமாறு அழைப்பது வாரானை. வானத்து நிலவைக் குழந்தையோடு விளையாட அழைப்பது அம்புலி. அதன் பின்னரே சிறுபறை கொட்டுதலும், சிறுதேர் உருட்டுதலும், அம்மானை ஆடுதலும், ஊசல் ஆடுதலும் வருகின்றன. பாட்டுடைத் தலைவன் முருகனாயினும், தலைவி மதுரை மீனாட்சியாயினும், புலவர் இம்முறையை மீறுவதில்லை. உலகை ஆளும் தெய்வமும் குழந்தையாக வந்துவிட்டால், சப்பாணி கொட்டிய பின்னரே சிறுதேர் உருட்ட வேண்டும்!

ஒவ்வொரு விளையாட்டிற்கும் ஒரு பருவம் உண்டு என்பதைத் தாய்மார் புலவர்க்கு முன்னரே அறிந்திருந்தனர். கிலுகிலுப்பையும் நடைவண்டியும் பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் எந்தெந்த வயதிற்கு உரியவை என்று எவரும் நூலைப் புரட்டிப் பார்த்ததில்லை. ஆனால், இன்று வீடுதோறும் ஒரு வினா எழுகின்றது. வீடியோ கேம் என மக்கள் வழங்கும் திரை விளையாட்டை எந்த வயதில் குழந்தையின் கையில் கொடுக்கலாம்? ஐந்தா, ஏழா, பத்தா? ஓர் எண்ணை விடையாகப் பெற்றுவிட்டால் கவலை தீர்ந்துவிடும் என்று பெற்றோர் பலர் கருதுகின்றனர். எண்ணைக் கேட்டறிவது எளிது. குழந்தையை அருகிருந்து உற்று நோக்குவது அரிது. அதனாலேயே எண்ணுக்கு இத்தனை மதிப்பு.

இவ்வினா பழைமையானது அன்று. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியல் அறிஞர், கூடத்தைக் காண வரும் பொதுமக்களின் களிப்பிற்காக ஒரு சிறு திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். 1972-இல் அட்டாரி நிறுவனம் பாங் என்னும் ஆட்டப்பொறியை வெளியிட்டது. மதுக்கடைகளிலும் கேளிக்கைக் கூடங்களிலும் நின்ற அப்பொறியில் நாணயத்தைப் போட்டால்தான் ஆட்டம் தொடங்கும். கை நாணயம் தீர்ந்தால் வீடு திரும்ப வேண்டியதுதான். மூன்று வயதுக் குழந்தைக்கு அங்கே வேலை இல்லை. பொறியின் உயரமே ஒரு வேலியாக இருந்தது. பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் கருவிகள் வீடுகளில் பரவின. 1989-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவியை விற்கத் தொடங்கிற்று. இறுதியில் தொடுதிரைக் கைப்பேசி வந்தது. வேலி முற்றிலும் சாய்ந்தது. தந்தையின் சட்டைப்பையிலும், தாயின் அஞ்சறைப் பெட்டிக்கு அருகிலும் கிடக்கும் கருவியே கேளிக்கைக் கூடமாயிற்று. எழுத்தறியாத குழந்தையும் விரலால் தொட்டு ஆட்டத்தைத் திறந்துவிடுகின்றது. அதனைக் கண்ட உற்றார், "இந்த வயதில் எவ்வளவு அறிவு!" என்று வியக்கின்றனர். தொட்டவுடன் திறக்குமாறு கருவியைச் செய்தவரின் அறிவே அங்கு வியத்தற்குரியது.

வயதை எண்ணால் வரையறுக்கும் முயற்சியும் அமெரிக்காவில் முன்னரே நிகழ்ந்தது. 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு மேலவையில், கொடுமையான காட்சிகள் மிக்க திரை விளையாட்டுகளைப் பற்றிய விசாரணை நடைபெற்றது. அரசே சட்டம் இயற்றிவிடுமோ என அஞ்சிய விளையாட்டு நிறுவனங்கள் 1994-இல் தாமே ஒரு தரக்குறியீட்டுக் குழுவை நிறுவின. ஐரோப்பாவில் 2003-இல் பெகி என்னும் முறை வந்தது. 3, 7, 12, 16, 18 என்னும் எண்களை அது விளையாட்டுகளின் உறை மேல் பொறிக்கின்றது. கைப்பேசிக்கு விளையாட்டுகளை வழங்கும் இணையக் கடைகளிலும் இத்தகைய எண்களைக் காணலாம். குருதியும் கொலையும் இழிசொல்லும் சூதும் உள்ளனவா என்பதை முன்கூட்டி அறிவிக்கும் அளவில் இவை பயனுடையனவே. ஆனால், 3 என்னும் எண்ணைக் கண்டவுடன், இது மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்ற விளையாட்டு என்று பெற்றோர் பொருள் கொள்கின்றனர். அவ்வெண் கூறுவது அதுவன்று. அச்சுறுத்தும் காட்சியோ தகாத சொல்லோ இதில் இல்லை என்பதையே அது கூறுகின்றது. சதுரங்க ஆட்டத்திற்கும் அக்குறியீட்டு முறையில் 3 என்னும் எண்ணே கிடைக்கும். மூன்று வயதுக் குழந்தையோ குதிரையை எடுத்துக் கடிக்குமேயன்றிக் கட்டம் தாண்டி நகர்த்தாது. குறியீடு விளையாட்டை ஆராய்கின்றது, குழந்தையை ஆராய்வதில்லை.

குழந்தையை ஆராய்ந்தவர் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே, கோலி ஆடும் சிறுவரோடு தாமும் அமர்ந்து, அவர்களுடைய விதிகளை அவர்கள் வாயாலேயே கேட்டறிந்தார். 1932-இல் வெளிவந்த தம் நூலில் அவற்றை விளக்கினார். மூன்று முதல் ஐந்து வயதுடைய குழந்தைகள் பெரியவரைப் பார்த்து ஆடினும், ஒவ்வொன்றும் தனக்கெனத் தனியே ஆடுகின்றது. வென்றவர் யார் என்னும் கேள்விக்கு அங்கே பொருளே இல்லை. எல்லாரும் ஒருங்கே வென்றவர்தாம். ஏழெட்டு வயதில்தான் பொது விதிக்குக் கட்டுப்பட்டு ஒருவரையொருவர் வெல்ல முயலும் ஆட்டம் தோன்றுகின்றது. பதினொன்று, பன்னிரண்டு வயதிலோ, ஆடுவதை விட விதிகளை நுணுக்கமாக வகுப்பதிலேயே சிறுவர் இன்பம் காணத் தொடங்குகின்றனர்.

இவ்வுண்மையைத் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஆடிய பிள்ளைகள் தாமாகவே கண்டறிந்திருந்தனர். பெரிய பிள்ளைகள் ஆடும்போது சிறு பிள்ளை ஒன்று தானும் ஆட வேண்டுமென்று அழுதால், அதனை விரட்டிவிடுவதில்லை. முழு உரிமை கொடுத்து ஆட்டத்தில் இறக்கிவிடுவதுமில்லை. 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வர். அது ஓடலாம், கூவலாம், பெரியவரைத் துரத்தலாம், ஆனால் ஆட்டமிழப்பதில்லை. அதன் தோல்வி கணக்கில் ஏறாது. பார்ப்பதற்கும் ஆடுவதற்கும் இடையே இத்தகைய ஒரு படி இருந்தது. ஓராண்டோ ஈராண்டோ அப்படியில் நின்ற குழந்தை, ஒரு நாள், "நான் ஒப்புக்குச் சப்பாணி இல்லை, என்னையும் கணக்கில் சேர்" என்று தானே வழக்காடும். அந்த வழக்கே அதன் தகுதிக்குச் சான்று. தெரு அதனை ஏற்றுக்கொள்ளும். அன்று முதல் அப்பிள்ளைக்கு வெல்லும் உரிமை வருவதோடு தோற்கும் கடமையும் வந்து சேரும். தெரு விளையாட்டிற்கு மற்றொரு நலமும் இருந்தது. பொழுது சாய்ந்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது. மட்டைக்கு உரியவன் வீட்டிற்குப் போய்விட்டால் ஆட்டம் தானே கலைந்துவிடும். அன்னை ஒருத்தி வாயிலில் நின்று குரல் கொடுத்தால், பத்துப் பிள்ளைகளுக்கும் அது முடிவு மணியாகும்.

திரைக்கு இந்தப் படியும் தெரியாது. இந்த மாலைப் பொழுதும் தெரியாது. தன்னைத் தொடும் விரல் நான்கு வயதினதா, நாற்பது வயதினதா என்று அது நோக்குவதில்லை.

எனவே, குழந்தையின் தகுதியை அறியத் திரையிடம் செல்ல வேண்டியதில்லை. தாயக்கட்டையை உருட்டிப் பார்த்தாலே போதும். ஆறு வயதுச் சிறுமி பாட்டியோடு தாயம் ஆடுகின்றாள் என்று கொள்வோர், அவளுடைய காய் வெட்டுண்ட அந்தக் கணத்தை மட்டும் பார்க்க வேண்டும். காயைத் தூக்கி எறிகின்றாளா? அழுகுணி ஆட்டம் ஆடி, எண்ணை மாற்றிச் சொல்கின்றாளா? அல்லது முகம் வாடினாலும், மறுபடி தாயம் விழாதா என்று கட்டைக்காகக் கை நீட்டுகின்றாளா? கை நீட்டுகின்ற சிறுமி தோற்கக் கற்றவள். தோற்கக் கல்லாத குழந்தைக்குத் திரை விளையாட்டு பெருந்துன்பம்; ஏனெனில், பாட்டி ஓர் ஆட்டத்தில் ஒரு முறை வெட்டுவாள்; பொறியோ ஒரு நாழிகைக்குள் இருபது முறை வீழ்த்தும், முகம் பார்த்து இரங்காது.

தோற்பதை விடவும் அரியது நிறுத்துவது. மண்வீடு கட்டிக்கொண்டிருக்கும் சிறுவனை உணவுக்கு அழைத்தால், சிறிது முணுமுணுத்துவிட்டு எழுந்து வருகின்றானா? வண்ணம் தீட்டும் தாளைப் பாதியில் மூடிவைத்து, நாளை தொடர்வோம் என்று எண்ண அவனால் இயல்கின்றதா? உலகச் சுகாதார நிறுவனம் தொகுத்த நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நடைமுறைக்கு வந்தது. அதில் திரை விளையாட்டைச் சார்ந்த கோளாறு ஒன்றும் இடம்பெற்றுள்ளது. எத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று அப்பட்டியல் அளவு கூறவில்லை. ஆட்டத்தைத் தன் கட்டுக்குள் வைக்கும் ஆற்றல் குன்றுதல், மற்றெல்லாவற்றினும் ஆட்டமே முதன்மை பெறுதல், கேடு விளைவது கண்டும் விடாது தொடர்தல் ஆகியவையே அதன் அடையாளங்கள்; அவையும் பெரும்பாலும் ஓராண்டுக் காலம் தொடர்ந்து காணப்பெறுதல் வேண்டும். விளையாடும் சிறுவர் மிகப் பெரும்பாலோர்க்கு இக்கோளாறு வருவதில்லை. அச்சமூட்டுவதற்காக அதனை மறைப்பது முறையன்று. ஆயினும், மருத்துவர் தேடும் முதல் அடையாளமும், பாட்டி தாயக்கட்டத்தின் அருகில் அமர்ந்து பார்க்கும் அடையாளமும் ஒன்றே என்பது எண்ணத்தக்கது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதனைப் பலர் நினைப்பதில்லை. திரையில் வீழ்ந்த வீரன் அடுத்த கணமே எழுந்து நிற்கின்றான். பாட்டனை இழந்த வீட்டில், "தாத்தாவும் மறுபடி முதலிலிருந்து வருவாரா?" என்று ஒரு குழந்தை கேட்குமானால், அதனை மழலை என்று சிரித்துவிடுதல் ஆகாது. இறப்பு மீளாதது என்பதைச் சிறு குழந்தைகள் முழுமையாக உணர்வதில்லை. ஐந்து முதல் ஏழு வயதளவில்தான் அவ்வுணர்வு மெல்ல நிலைபெறுகின்றது. அதற்கு முன்னர்ப் போரும் கொலையும் நிறைந்த ஆட்டங்களைக் குழந்தையின் கண்முன் நிறுத்துவோர், அது கேட்கப்போகும் கேள்விகளுக்கு விடை சொல்லவும் அணியமாக இருத்தல் வேண்டும்.

குழந்தையின் தகுதியைப் பேசுவோர் பெரும்பாலும் விளையாட்டின் தகுதியைப் பேசாது விட்டுவிடுகின்றனர். இது பெரும் பிழை. பழைய ஆட்டப்பொறி நாணயத்திற்காக ஆட்டத்தை விரைந்து முடித்தது. இன்றைய விளையாட்டு பலவும் இலவசமாகக் கிடைத்து, முடியாமலே நீள்கின்றன. நாள்தோறும் வந்தால் ஒரு பரிசு. வாராவிட்டால் ஓர் இழப்பு. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டிகளை விலைக்கு விற்கும் வழக்கமும் உண்டு. பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018-இல் அத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூது என்றே முடிவு செய்தது. அமெரிக்காவில் பெற்றோர் ஒரு முறை மறைச்சொல்லைத் தட்டச்சுச் செய்தால், அடுத்த பதினைந்து நிமிடங்களுக்குக் குழந்தை எதைத் தொட்டாலும் கேள்வியின்றிப் பணம் கழியும் நிலை ஒரு காலத்தில் இருந்தது. அதன் பொருட்டு அந்நாட்டு நடுவண் வணிக ஆணையம் வழக்குத் தொடுக்க, ஆப்பிள் நிறுவனம் 2014-இல் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் டாலரைப் பெற்றோர்க்குத் திருப்பித் தர இசைந்தது. 2022-இல் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், ஆடுவோரை அறியாமலே வாங்கச் செய்யும் வகையில் பொத்தான்களை அமைத்தது என்ற குற்றச்சாட்டின் மேல் 24 கோடியே 50 இலட்சம் டாலர் திருப்பித் தர உடன்பட்டது. விளம்பரம் தன்னை வாங்கத் தூண்டுகின்றது என்பதையே ஏழெட்டு வயது வரையில் குழந்தைகள் சரிவர உணர்வதில்லை. வளர்ந்தவரையே வீழ்த்தும் வலையின் முன்னே ஐந்து வயதுக் குழந்தையை அமர்த்திவிட்டு, "இவனுக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று குறை கூறுவது நேர்மையாகுமா?

இவற்றையெல்லாம் கூறுவதால், திரை விளையாட்டு முற்றிலும் தீது என்பது பொருளன்று. அவ்வாறு கூறுவோர் உளர். ஒரு காலத்தில் புதினம் படிப்பதையும் திரைப்படம் பார்ப்பதையும் இவ்வாறே கடிந்தவர் இருந்தனர். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் கிரீன், டாஃப்னே பாவெலியர் என்னும் இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், விரைந்து செயலாற்ற வேண்டிய திரை விளையாட்டுகளில் பயின்ற இளைஞர்க்குக் கண்வழிக் கவனம் கூர்மையடைந்ததாகக் கண்டனர். அவ்வாய்விற்கு உட்பட்டோர் வளர்ந்த இளைஞர் என்பதை மட்டும் மறத்தல் கூடாது. நான்கு வயதுக் குழந்தைக்குக் கருவி வாங்கித் தருவோர் இவ்வாய்வைத் துணைக்கு அழைத்தல் பொருந்தாது. கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் அமைக்கும் மைன்கிராஃப்ட் போன்ற விளையாட்டுகள், உரிய வயதினர்க்குக் கற்பனையை வளர்ப்பனவே. நடக்க இயலாது மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் சிறுவனுக்குத் திரையில் ஓடும் பந்தும் ஓர் ஆறுதல்தான்.

கருவி எப்போது வர வேண்டும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. 2019-ஆம் ஆண்டு சனவரியில், பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவர் குகேஷ். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலகச் சதுரங்க வெற்றியாளரானார். சதுரங்கத்தில் இன்று கணிப்பொறியின் துணையின்றிப் பயில்வோர் அரியர். ஆயினும், குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அச்சிறுவன் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரையில் ஆய்வுக் கணிப்பொறியைக் கையில் கொடுக்காமலே பயிற்றுவித்தார். தானே கணித்துத் தானே பிழைபட்டுத் தானே திருத்திக்கொள்ளும் பழக்கம் முதலில் வேரூன்ற வேண்டும் என்பது அம்முறை. இது விளையாட்டுத் திரையைப் பற்றியதன்று, பயிற்சிக் கருவியைப் பற்றியது எனச் சிலர் கூறலாம், உண்மையே. எனினும், பொறியை வெறுத்தவர் அல்லர் அப்பயிற்சியாளர். அதற்குரிய பருவத்திற்காகக் காத்திருந்தவர்.

காத்திருக்க வேண்டிய காலம் எவ்வளவு? மிகச் சிறிய வயதினரைப் பொறுத்தவரை ஐயத்திற்கு இடமில்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தையைத் திரை முன் அமர்த்தவே வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது, அதனினும் குறைவாயின் நன்று என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டிற்று. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேர உறக்கமும், மூன்று மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்பதும் அவ்வழிகாட்டுதலே. பகலின் மணிகளைக் கூட்டிப் பார்த்தால், திரைக்கு எஞ்சும் பொழுது மிகச் சிறிது என்பது விளங்கும். கண்ணும் வெளியொளியை வேண்டுகின்றது. வெளியே ஆடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றுவது குறைகின்றது எனக் கண்ட தைவான் நாட்டவர், 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியே விடும் திட்டத்தை நடத்தி வந்தனர். பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தில் தாய் நிலவைப் புகழ்ந்தும், பரிசு காட்டியும், அச்சுறுத்தியும் அழைக்கின்றாள். நிலவு இறங்கி வருவதே இல்லை! வாராத நிலவைப் பார்த்தவாறே குழந்தை சோற்றை உண்ணுகின்றது, தாயின் குரலைக் கேட்கின்றது, சொற்களைக் கற்கின்றது. கைப்பேசியோ அழைக்கும் முன்னரே வந்துவிடுகின்றது. அதனைக் காட்டிச் சோறு ஊட்டும் வீட்டில் தாய் பேச வேண்டிய தேவையே இல்லாது போகின்றது. இரண்டு, இரண்டரை வயது வரையில் குழந்தைகள் திரையிலிருந்து கற்பதை விட எதிரே இருக்கும் மனிதரிடமிருந்தே மிகுதியாகக் கற்கின்றன என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன.

ஐந்தாம் வயதிற்குப் பின்னர்தான் வினா உண்மையில் கடினமாகின்றது. அரசுகள் சட்டத்தால் விடை காண முயன்றதுண்டு. தென்கொரியா 2011-இல், பதினாறு வயதிற்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டு ஆடுவதைத் தடுத்தது. காலப்போக்கில் சிறுவர் அச்சட்டம் எட்டாத கைப்பேசி விளையாட்டிற்கு மாறினர். 2021-இல் அதனை நீக்க அரசு முடிவு செய்தது. சீனம் 2021-இல், பதினெட்டு வயதிற்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை ஆகிய நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என விதித்தது. இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றிற்று. சூதைத் தடுப்பது அரசின் கடமை. ஆனால், பள்ளி விட்டு வந்த ஆறு வயதுப் பிள்ளை அந்த மாலைப் பொழுதில் என்ன செய்வது என்பதை எந்தச் சட்டமும் முடிவு செய்ய இயலாது.

அம்மாலைப் பொழுது எல்லா வீட்டிலும் ஒன்றாக இல்லை என்பதையும் எண்ண வேண்டும். தாயும் தந்தையும் இரவு எட்டு மணிக்கே ஆலையிலிருந்து திரும்பும் வீடுகள் பல. தெருவில் வண்டிகள் விரைகின்றன. ஆடுகளம் அருகில் இல்லை. பாட்டி ஊரில் இருக்கின்றாள். அங்கே கைப்பேசி விளையாட்டுக் கருவி அன்று. கூலி வாங்காத செவிலி. அத்தாயை நோக்கிக் கண்டிப்புரை கூறுவோர், குழந்தை ஓடியாட ஒரு திடலைக் கேட்டு ஊராட்சியிடமும் நகராட்சியிடமும் விண்ணப்பம் எழுதினால் அதனினும் பயன் உண்டு. அவ்வீடுகளிலும் செய்யத்தக்கன சில உள. முடிவுள்ள ஆட்டத்தைத் தேர்தல். இணையத் தொடர்பை நீக்கிக் கொடுத்தல். பணம் செலுத்தும் வழியை அடைத்தல். படுக்கையில் அன்றிக் கூடத்தில் வைத்து ஆடச் செய்தல். இவை பொருட்செலவு இல்லாதவை.

ஒரு முறை கொடுத்த இசைவை மீளப் பெறலாகாது என்று பெற்றோர் தயங்குவதும் வீண் தயக்கமே. தொட்டிலை விட்டுக் கட்டிலுக்கு வந்த குழந்தை உருண்டு விழுந்தால், சில திங்கள் மீண்டும் தரையில் பாய் விரிப்பதில்லையா? ஆறு வயதில் கொடுத்துப் பார்த்து, நிறுத்தும்போதெல்லாம் அழுகையும் சீற்றமும் எழுந்தால், அரையாண்டு எடுத்து வைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். அது தண்டனை அன்று என்பதைக் குழந்தைக்கு விளங்கச் சொல்ல வேண்டும். "நீ தவறு செய்தாய்" என்பதற்கும் "உனக்கு இன்னும் கொஞ்சம் வளர வேண்டும், கண்ணே" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தை நன்கு அறியும்.

இதில் மாணவர்க்கும் பங்கு உண்டு. வீட்டிற்குள் விளையாட்டைக் கொண்டு வருபவர் பல வீடுகளில் ஒன்பதாம் வகுப்பு அண்ணனோ அக்காளோதாம். பதினாறு என்னும் எண் பொறித்த போர் ஆட்டத்தை அண்ணன் ஆடும் அதே அறையில், அவன் தோள்மேல் சாய்ந்து நான்கு வயதுத் தம்பி பார்த்துக்கொண்டிருக்கின்றான். தம்பியின் தொல்லையைத் தவிர்க்கக் கைப்பேசியை அவன் கையில் திணித்துவிட்டு நகர்வதும் நாள்தோறும் நடப்பதே. தெரு மறந்த அந்தப் படியை வீட்டிற்குள் மீட்கத்தக்கவரும் அவர்களே. அக்காள் ஒரு வண்டிப் பந்தயத்தை ஆடுகின்றாள் எனில், தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாக அருகில் அமர்த்தலாம். வண்டிக்கு எந்த வண்ணம் என்பதை அவன் தேரட்டும். வளைவு வரும்போது அவன் கூவட்டும். மூன்றாவது ஓட்டத்தில் ஒரு முறை பொத்தானை அவனே அழுத்தட்டும். மூன்று ஓட்டம் என்று முதலிலேயே பேசிக்கொண்டால், மூன்றாவது முடிந்தவுடன் அக்காளே திரையை அணைத்துவிட வேண்டும். நான்காவதை ஆட அவளுக்கும் ஆசை இருக்கும். அணைக்கும் அவள் கையைத் தம்பி பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.